அலமாரி மட்டும் வேண்டாம்

"தாத்தா, இன்னிக்கு நம்ம கண்ணாடி அலமாரியைத் தூக்கிட்டுப் போகப் போறாங்க லா!"

கவிப்ரியா டேப்லெட்டைப் பார்த்துச் சொன்னாள். பெர்த்திலிருந்த தாத்தா திரைக்கு இன்னும் கிட்டே வந்தார். டேப்லெட்டுக்குப் பின்னால், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்த அவள் அப்பா ரமணன் பேப்பரைப் புரட்டாமல் காத்திருந்தான்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு இந்தப் பூன் லே அடுக்குமாடி வீட்டில் இதுதான் நடக்கும். பெர்த்திலும் அப்போது பத்து மணிதான். தாத்தாவுக்கும் பேத்திக்கும் ஒரே கடிகாரம். எட்டு வயது கவி டேப்லெட்டை ஸ்டூலில் சாய்த்து வைத்துவிட்டு, அலமாரிக்கு முன்னால் தரையில் சப்பணம் போட்டு உட்காருவாள்.

"கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிக்கோ கவிக்குட்டி. ஆங், இப்பதான் வெளிச்சம் நல்லா இருக்கு," என்பார் தாத்தா தங்கராஜு. வாராவாரம் இதைச் சொல்லாமல் ஆரம்பிக்க மாட்டார். போன வாரம் அவள் பல் விழுந்த ஓட்டையைக் காட்டினாள். அவர் பல் செட்டையே கழற்றிக் காட்டினார். இரண்டு பொக்கை வாய்களும் பத்து நிமிடம் விடாமல் சிரித்தன.

ரமணன் சிரிக்கவில்லை. அவன் அம்மா இறந்து ஓர் ஆண்டு முடிந்த கையோடு, அப்பா மரியம்மாள் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு அவரோடு பெர்த்துக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து மூன்று ஆண்டுகளாக அவரிடம் அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. மகளை மட்டும் தடுக்கவில்லை. பத்து மணி ஆனால் கேமராவில் படாத இந்த நாற்காலிக்கு அவனும் வந்துவிடுவான். பேப்பர் படிக்கத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான்.

"ஏம்மா எடுக்குறாங்க?" தாத்தாவின் குரல் இறங்கியிருந்தது.

"எனக்கு ஸ்டடி டேபிள் வருது. அம்மா அதைப் பாக்கத்தான் கடைக்குப் போயிருக்காங்க."

"டேபிளை வேற எங்கயாவது போடலாமே. அலமாரி மட்டும் வேண்டாம்னு உங்கப்பன்கிட்ட சொல்லு."

கவி டேப்லெட்டுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "அப்பா, தாத்தா வேணாங்குறாங்க."

"பழசாயிடுச்சு, கதவு மூட மாட்டேங்குதுன்னு சொல்லு."

"கதவு மூட மாட்டேங்குதாம் தாத்தா."

"மூடாட்டிப் போகுது. சோபாவை எடுக்கச் சொல்லு. டீவியை எடுக்கச் சொல்லு."

"டீவியா? ஐயோ, தாத்தா!"

ரமணனுக்குச் சுருக்கென்றது. சிராங்கூன் ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கி அம்மா வாங்கிய அலமாரி. வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கண்ணாடியைத் துடைப்பாள். கொடுக்க அவனுக்கே மனமில்லைதான், வீட்டில் இடமில்லை. ஆனால் அம்மாவின் இடத்துக்கு இன்னொருத்தியைக் கொண்டுவந்தவருக்கு இந்த மரப்பெட்டிமேல் என்ன அவ்வளவு பாசம்?

"இது என் வீடு. சொல்றதுக்கு அவர் யாருன்னு கேளு."

கவி அதைக் கேட்கவில்லை. ஆனால் அங்கே காதில் விழுந்திருக்கும். கீழே ஒரு பஸ் வந்து நின்று, மறுபடி கிளம்பிப் போனது.

கடைசியில் தாத்தாதான் பேசினார். "உங்கப்பன் கண் டாக்டர்கிட்ட போனானா கவி?"

போன மாதமும் இதையேதான் கேட்டார். பேப்பரை மூக்கோடு ஒட்டிவைத்துப் படிப்பதை மகள் போட்டுக்கொடுத்திருக்கிறாள் என்று ரமணன் நினைத்துக்கொண்டான்.

"இன்னும் இல்ல தாத்தா."

வாசல் மணி அடித்தது. அலமாரியைச் சும்மா எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்த ரவூப், கூட ஓர் ஆளோடு காத்தோங்கிலிருந்து வந்திருந்தார். அலமாரிக் கதவைத் தட்டிப் பார்த்து, "நல்ல மரம் சார். மனசு மாறிடலையே?" என்று சிரித்தார். பேப்பரும் கையுமாக மறுபடி நாற்காலியில் போய் உட்கார்ந்த ரமணன், "மாறல. தூக்குங்க," என்றான்.

இருவரும் ஆளுக்கொரு பக்கம் கை வைத்ததும் கவி எழுந்து அலமாரியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

"கவி, தள்ளு! ஒரு அலமாரிக்கு யாராவது இப்படி அழுவாங்களா? தாத்தா சொல்லிக்குடுத்தாரா?"

"இல்ல... யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு ப்ராமிஸ் பண்ணியிருக்கேன்."

"எதைச் சொல்ல மாட்டே?"

"கவி, வேண்டாம்மா," என்றது டேப்லெட்டிலிருந்து மெல்லிய குரல்.

கவி தேம்பினாள். "இந்தக் கண்ணாடில நீங்க தெரியுறீங்கப்பா. எவ்ரி சண்டே தாத்தா இதுலதான் உங்களைப் பாக்குறாங்க லா."

ரமணன் நிமிர்ந்தான். கண்ணாடிக்குள் அவன் இருந்தான், அவன் கையில் பேப்பர் இருந்தது. அவனுக்கு முன்னால், உள்ளங்கை அளவுத் திரையில், ஒரு முகம் சட்டென்று குனிந்துகொண்டது.

"என்ன சார், விட்டுடவா?" என்றார் ரவூப்.

"இல்ல, நீங்க எடுத்துட்டுப் போங்க," என்ற ரமணன், தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய், மூன்று ஆண்டுகளாக மகள் இடப்பக்கம் தள்ளித் தள்ளி விட்டுவைத்திருந்த, டேப்லெட்டுக்கு நேரான அந்தக் காலி இடத்தில் போட்டு உட்கார்ந்தான்.