மாடு ஆடிய நத்தார் நாடகத்துக்கு மக்கள் தீர்ப்பு

உலகத் தமிழ் நாடக வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்படவேண்டிய தீர்ப்பொன்று, மொன்ட்ரியாலில் ஒரு தேவாலயத்தின் நிலவறை மண்டபத்தில் இதோ வெளியாகவிருக்கிறது. கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு றோஸ்மேரி குடும்பத்தார் போட்ட பகிடி நாடகம் முடிந்துவிட்டது. அதை எழுதி, மாடாகவும் ஆடிய றோஸ்மேரி, வியர்வை காயாமல், அட்டையில் செய்த மாட்டுத் தலையை மடியில் வைத்துக்கொண்டு மேடை விளிம்பில் உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த வருடமும் இவர்களுக்கே மேடையைக் கொடுக்கலாமா என்று சங்கத் தலைவர் கிறிஸ்தோப்பர் ஒலிவாங்கியில் சபையைக் கேட்கிறார். “நத்தார் நாடகமெண்டு வந்தால் தொழுவத்தில பாலனைக் காணேல்லை, மாடுதான் துள்ளுது,” என்கிறார் ஓர் அம்மா, மீன் ரோல்ஸைக் கடித்தபடி. “மாடெண்டாலும் தாளத்துக்கு ஆடவேணும், பிள்ளை,” என்கிறது பின்வரிசையில் ஒரு குரல். றோஸ்மேரியின் விரல்கள் மாட்டின் காதைத் திருகுகின்றன. குழாய்விளக்கு சிணுங்குகிறது. வாசலோரக் கதிரையிலிருந்து மரியதாஸ் என்றொருவர் எழும்புகிறார். அவருடைய கோட்டின் தோளில் பனி இன்னும் உருகவில்லை. “என்ன விசர்க்கதை கதைக்கிறியள்? அந்த மாட்டைப் பாத்துச் சிரிச்சு எனக்கு வயிறு நோகுது! அடுத்த வருசமும் இந்தப் பிள்ளைதான் போடவேணும்!” முன்வரிசைச் சிறுவர்கள் பிரெஞ்சிலும் தமிழிலும் கூவுகிறார்கள். மண்டபம் முழுதும் கைதட்டுகிறது. “அப்ப தீர்மானம் நிறைவேறுது,” என்கிறார் கிறிஸ்தோப்பர். றோஸ்மேரி மாட்டுத் தலையை மாட்டிக்கொண்டு, மரியதாஸை நோக்கிக் குனிந்து வணங்குகிறாள். மரியதாஸ் நாடகம் முடிந்த பிறகுதான் வந்தவர்.