பத்து நாற்பது படம்

தினமும் காலை பத்து நாற்பதுக்குச் செயற்கைக்கோள் சாத்தூரைக் கடக்கும். அடுத்த நிமிடம் அம்மா வீட்டு மாடியின் படம் புனேயில் இருக்கும் என் போனுக்கு வந்துவிடும். அம்மா மாடியில் காயப்போடும் மிளகாய் அதில் சிவப்புச் சதுரமாகத் தெரியும். காலையில் பரப்பி, சாயங்காலம் அள்ளிவிடுவாள். சதுரம் தெரிந்தால் அம்மா நடமாடுகிறாள் என்று அர்த்தம். படத்தைத் தங்கை பூங்கோதைக்கு அனுப்பி, 'அம்மா நல்லாருக்கா' என்று எழுதுவேன். அவள் 'சரிண்ணே' என்பாள். இந்தப் படம் வரத் தொடங்கியபின் நாங்கள் இருவருமே அம்மாவுக்குப் போன் செய்வதில்லை.

வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு அண்ணாச்சி கூப்பிட்டார்.

"தம்பி, மூணு நாளா சாயங்காலம் மழை. அம்மா மிளகாய அள்ளவே இல்ல, இன்னைக்குத்தான் பார்த்தேன். கதவத் தட்டினாலும் சத்தம் இல்ல."

மூன்று நாளும் படத்தில் சதுரம் சிவப்பாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை, அம்மாவை வைத்திருந்த ஐஸ் பெட்டிக்கு ஒருபக்கம் நானும் மறுபக்கம் பூங்கோதையும் உட்கார்ந்திருந்தோம். பத்து நாற்பதுக்குப் படம் வந்தது. வாசலில் பந்தல், மாடியில் அதே சதுரம். கை தானாகவே எழுதி அனுப்பிவிட்டது.

எதிரே பூங்கோதையின் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தாள். 'சரிண்ணே' என்று பதில் போட்டாள்.