கோழிக்கோட்டுப் படிப்பு

"காலைல வண்டி பூட்டச் சொல்லிட்டனுங்க கல்பாத்தியம்மா. இவள அவங்கப்பன் ஊட்டுல உட்டுட்டு வந்தர்றேன். இனி கூப்புடறதா இல்ல."

சொல்லிவிட்டு ஈஸ்வரமூர்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டான். உள்ளறையில் அவன் மனைவி சரஸ்வதி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிள்ளை பிறந்து மூன்று மாதம் ஆகிறது, தொடுவதே இல்லை. முதலில் அழுதுகொண்டே இருந்தாள். இப்போது பேச்சும் நின்று ஒரு மாதம் ஆகிவிட்டது. பூசாரி மந்திரித்துக் கயிறு கட்டியும் பார்த்தாயிற்று.

கல்பாத்தியம்மா என்று அவன் கூப்பிடும் ராமலட்சுமி அம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. அவள் ஈஸ்வரமூர்த்தியின் அம்மா மருதாத்தாளுக்குப் பள்ளிக்கூடத் தோழி. வருஷா வருஷம் தன் ஊர்க் கல்பாத்தித் தேர் முடிந்த மறு வாரம் கொழிஞ்சாம்பாறை பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவாள். வேறு வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்காதவள், மருதாத்தாள் அரிசியும் பருப்பும் போட்டு ஆக்கிய சோற்றை மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள்.

"இதுக்குன்னு ஆஸ்பத்திரி இருக்குடா குழந்தே. அழைச்சிண்டு போ."

"பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குங்களா? சனம் காறித் துப்புமுங்க."

மருதாத்தாள் பேரனைத் தொட்டிலில் போட்டுவிட்டு வந்து தோழியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில், வழக்கம்போல, இருவரும் பழைய காலத்துக்குப் போய்விட்டார்கள்.

"மேட்ரனம்மா மணி அடிப்பாளே, ஓர்மை இருக்கோடி மருதா?"

"இல்லாம? பந்தியில உன்ற பங்குப் பழத்தையும் நாந்தான தின்னேன்!"

"வந்த அன்னிக்குத் தலை வார வந்தேன்னு என் கையைக் கடிச்சு வெச்சியே ராட்சசி! இன்னும் தழும்பு இருக்கு."

"அப்பறம் நீதான தெனமும் சடை போட்டு உட்டே. அ, ஆவன்னா பழக்குனதும் நீதான்."

ஈஸ்வரமூர்த்திக்கு அத்தனை கவலையிலும் சிரிப்பு வந்தது. எத்தனை தடவை கேட்ட கதை! கோழிக்கோட்டு ஆஸ்டலில் தங்கிப் படித்தவள் என்று அவன் அம்மாவுக்கு ஊரில் தனி மரியாதை. ஆறு வயதில், தனக்கும் அதே பள்ளிக்கூடம்தான் வேண்டும் என்று அவன் புழுதியில் புரண்டு அழுதிருக்கிறான். அன்றைக்கு இவர்கள் இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்ததை இப்போது நினைத்தாலும் இனித்தது.

"வந்த புதுசுல நான் ரெண்டு மாசம் ஆருகூடவும் பேசுல," என்றாள் மருதாத்தாள். "எந்திரிச்சு உக்காரக்கூட மனசில்ல. இவ மட்டும் பக்கத்துலயே உக்காந்திருப்பா. பேசுன்னு ஒரு நாளும் சொன்னதில்ல."

"அப்பறம் எப்பங்க பேசுனீங்க, அத்தை?"

உள்ளறையிலிருந்து வந்தது குரல். சரஸ்வதி புரண்டு இந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தாள்.

ராமலட்சுமி அம்மாள் எழுந்து போய் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். "பாத்தியாடா? இவ சொஸ்தமாயிடுவா. அந்த ஆஸ்பத்திரிக்கே அழைச்சிண்டு போ. நான் சொல்றேன்."

ஈஸ்வரமூர்த்தி மனைவியை எட்டிப் பார்த்தான். ஆனாலும் பிடி விடவில்லை.

"ஒரு வார்த்தை பேசுனா ஆச்சுங்களா? அங்க போனவ திரும்பி வந்து குடும்பம் பண்ணி, புள்ளைகுட்டி வளத்துனதா எங்காச்சும் உண்டுங்களா? ஒரே ஒருத்தியக் காட்டுங்க. நானே கூட்டிட்டுப் போறேன்."

ராமலட்சுமி அம்மாள் வாயைத் திறந்தாள். பிறகு தோழியைப் பார்த்தாள். மருதாத்தாள் மகன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒருத்தி எதுக்கு சாமி, ரெண்டு பேரக் காட்டறேன். நானும் இவளும் ரெண்டு வருசம் இருந்தது பள்ளிக்கூடத்துல இல்ல, கோழிக்கோட்டுல இருக்கற அந்த ஆஸ்பத்திரியிலதான்."