தானாகத் திருத்தும் கம்ப்யூட்டர்

"மெதுவாப் பேசுப்பா, உள்ளே கேட்கும்" என்றார் அவர், ஹால் கதவை ஒருக்களித்துச் சாத்தியபடி.

கம்ப்யூட்டர் மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டான். உள்ளறையில் அவர் மனைவி தன் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"டீச்சர் என்ன சார் பண்றாங்க?"

"கேள்வித்தாள் அடிக்கிறா. பரீட்சை வருதுல்ல. அவ எழுந்து வர்றதுக்குள்ள முடிச்சுடு. ரெண்டு கம்ப்யூட்டரையும் நீதானே இணைச்சுக் கொடுத்தே? இந்த ஃபோல்டர் எனக்கு மட்டும்தான் திறக்கணும். அவ கம்ப்யூட்டர்லேர்ந்து தொட்டா திறக்கவே கூடாது."

"டீச்சருக்கே பூட்டா? ஐயோ சார், நான் அவங்ககிட்டப் படிச்சவன். போன தடவை நான் கொடுத்த பில்லையே சிவப்பு மையில திருத்திக் கொடுத்தாங்க. மாட்டினேன்னா இந்த வயசுலயும் பெஞ்சு மேல ஏத்திடுவாங்க." அவன் குரலைத் தாழ்த்தினான். "அப்படி என்ன சார் இருக்கு இதுல? ஏதாவது... படமா?"

"சீ, வாயைக் கழுவு!"

அவருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. இனி மறைத்துப் பயனில்லை என்று தோன்றியது. நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வேலை போயிடுச்சுப்பா. ஆளைக் குறைக்கிறோம்னு ஒரே நாள்ல சீட்டைக் கிழிச்சுட்டாங்க. வேற வேலைக்கு எழுதிட்டிருக்கிற விண்ணப்பம்தான் இதுல இருக்கு."

மெக்கானிக்கின் கை மவுஸ் மேலேயே நின்றது. "தினமும் காலையில டிபன் பாக்ஸோட கிளம்புறீங்களே சார்?"

"பார்க்கு பெஞ்சுக்கு. வெயில் ஏறினா லைப்ரரிக்கு. புது வேலை கிடைச்ச பிறகு மெதுவாச் சொல்லிக்கலாம். இப்போ தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா. பால் திரிஞ்சாலே ராத்திரி தூங்காதவ."

"சந்தேகமே வரலையா?"

"அவ வெள்ளந்திப்பா. கொஞ்ச நாளா, வெயில் அதிகம்னு பையில குடை வச்சு அனுப்புறா. ஏசி ரூம்ல உட்கார்றவனுக்குக் குடை எதுக்குன்னு யோசிக்கக்கூடத் தெரியல!"

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

மெக்கானிக் அதற்குமேல் கேலி பேசவில்லை. "பகிர்வுப் பட்டியல்லேர்ந்து டீச்சர் பேரை எடுத்துட்டாப் போதும் சார். அதுக்கப்புறம் அவங்க தட்டினா 'அனுமதி இல்லை'ன்னு வந்துடும்."

"செய். ஆனா ஒண்ணு, இதுல தானாத் திருத்துற வசதி இருக்கே, அதை மட்டும் கெடுத்துடாதே."

"எந்த வசதி?"

"நான் தப்பும் தவறுமா அடிச்சு வைக்கிறேன். மறுநாள் பார்த்தா எல்லாம் சரியாகிக் கிடக்கு. எழுத்துப்பிழை மட்டுமில்லப்பா. 'தயவுசெய்து கருணை காட்டுங்கள்'னு எழுதியிருந்தேன். அதை 'என் அனுபவம் உங்களுக்குப் பயன்படும்'னு மாத்தி வச்சிருந்தது. படிச்சதும் எனக்கே என் மேல கொஞ்சம் நம்பிக்கை வந்துடுச்சு. கெட்டிக்கார மெஷின்!"

மெக்கானிக் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"இந்தப் பழைய மெஷின்ல அப்படி ஒண்ணும் கிடையாதே சார்" என்று சொல்லிக்கொண்டே, பகிர்வை நிறுத்தும் பொத்தானை அழுத்தினான்.

திரையின் நடுவில் ஒரு கட்டம் வந்து நின்றது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

'இப்போது நிறுத்தினால் திருத்தங்கள் அழிந்துவிடும். விண்ணப்பம் இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்திருக்கிறது. திறந்தவர்: டீச்சர்.'

உள்ளறையில் தட்டும் சத்தம் ஓயவில்லை. அவர் பார்வை, கதவோரம் மாட்டியிருந்த குடையின் மேல் போய் நின்றது.

"பூட்டட்டுமா சார்?"

"இருப்பா" என்றார் அவர். "அவ முடிக்கட்டும்."