எடுப்பான கன்னம்

"கேமராவை அந்தப் பக்கம் மாத்துங்க மாஸ்டர். என் இடது கன்னம்தான் எடுப்பா இருக்கும்."

கதாநாயகன் இப்படிச் சொன்னதும் படப்பிடிப்புத் தளமே திரும்பிப் பார்த்தது.

கையில் கோடாலி, மார்பில் ரத்தச் சாயம். கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு இவர் நடந்து வந்தாலே தியேட்டரில் விசில் பறக்கும். அப்பேர்ப்பட்டவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

சண்டை மாஸ்டர் தலையைச் சொறிந்தார். "முகம் அந்தப் பக்கம்னா கோடாலியும் அந்தப் பக்கத்துல இருந்துதான் வரணும் சார். உங்களுக்கு அது கைக்கு வராத பக்கம்."

"வர வெச்சுக்கறேன்."

"லைட்டெல்லாம் மாத்தணுமே!"

"மாத்துங்க. நான் காத்திருக்கேன்."

ஓரமாக உட்கார்ந்து கிழிந்த சட்டைகளைத் தைத்துக்கொண்டிருந்த தையல்காரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஏனென்றால், அந்தக் கோடாலிக்கு எதிரே நிற்கப்போவது அவள் வீட்டுக்காரன்.

போன படத்துச் சண்டையில் தீப்பொறி தெறித்து அவனுக்கு இடது கண் புகை மூட்டமாகிவிட்டது. அது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

"மாஸ்டருக்குத் தெரிஞ்சா அப்புறம் கூப்பிடவே மாட்டார்டி. எனக்கு அடிவாங்கி விழறதை விட்டா வேற என்ன தெரியும்?" என்றிருந்தான் அவன்.

இந்தப் படத்தில் வீச்சு அவனுடைய இடது பக்கத்திலிருந்துதான் வரும் என்று தெரிந்ததும், ஒரு வாரமாக வீட்டுக்குள்ளேயே ஒத்திகை. அவள் துடைப்பத்தை வீசுவாள். காலடிச் சத்தத்தை வைத்து அவன் குனிய வேண்டும். பாதி நாள் காதோரம் வாங்கினான்.

"துடைப்பத்தால அடி வாங்கறதுக்குன்னே பயிற்சி எடுத்தவன் உலகத்துலயே நான் ஒருத்தன்தான்" என்று அவன் சிரிப்பான். "அம்மா, இன்னொரு தடவை!" என்று குழந்தை கைதட்டும். அவளுக்கு மட்டும் சிரிப்பு வராது.

வீட்டில் துடைப்பம். இங்கே இரும்பு. முனையை மழுக்கியிருந்தாலும் இரும்பு இரும்புதானே?

காலையில் மரக் கோடாலியோடு ஒத்திகை நடந்தது. இரைச்சலில் காலடிச் சத்தம் கேட்கவில்லை. அவன் குனியத் தாமதமாகி, கோடாலி முடியை உரசிக்கொண்டு போனது.

கதாநாயகன் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நேரே மாஸ்டரிடம் நடந்தார்.

'போச்சு. கண்டுபிடிச்சிட்டார். எல்லாம் போச்சு' என்று அவள் தையலை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

கடைசியில் பார்த்தால், கன்னமாம், எடுப்பாம்!

"இவரா பெரிய வீரர்?" பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா முகத்தைச் சுளித்தாள். "கல்யாணப் பொண்ணுகூட இவ்வளவு நேரம் கண்ணாடி பார்க்காது. கோடாலிக்குப் பதிலா கையில பவுடர் டப்பா குடுத்திருக்கலாம்."

"ஆமாங்கக்கா" என்று அவளும் சேர்ந்து சிரித்தாள். மனசுக்குள், 'கடவுளே, அந்த மனுஷனோட கர்வம் நூறு வருஷம் நல்லா இருக்கட்டும்' என்று வேண்டிக்கொண்டாள்.

விளக்குகளைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் வாய்க்குள்ளேயே திட்டினார்கள். டைரக்டர் கடுகடுவென்று இருந்தார். கதாநாயகன் எதையும் கண்டுகொள்ளாமல், வராத பக்கத்தில் கோடாலியை வீசி வீசிப் பழகிக்கொண்டிருந்தார்.

ஷாட் வந்தது.

கோடாலி அவனுடைய வலது பக்கத்திலிருந்து பாய்ந்தது. அவள் வீட்டுக்காரன் அதைப் பார்த்தான், பளிச்சென்று குனிந்தான், உருண்டான், புழுதி பறக்க விழுந்தான்.

"ஓகே!" என்று கத்தினார் டைரக்டர்.

"பழைய ஆளாட்டம் இருக்கேடா!" மாஸ்டர் அவன் முதுகில் தட்டினார். "அடுத்த படத்துக்கும் நீதான்."

அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஊசியில் நூலைக் கோத்து அடுத்த சட்டையை எடுத்தாள்.

அப்போது மேக்கப்காரர் வந்து, வண்ணப்பெட்டியைத் தொப்பென்று பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"இன்னிக்கு என் பிராணனை வாங்கிட்டார்ம்மா அந்த மனுஷன்."

"ஏன்ண்ணா? எடுப்பான கன்னத்துக்கு உங்களுக்கு என்ன வேலை?"

"எடுப்பாவது, மண்ணாவது!" அவர் குரலைத் தாழ்த்தினார். "வெளியில சொல்லிடாதே. முதல் படத்துல வெடி வெடிச்சு இடது கன்னம் பூரா வெந்து போச்சு அவருக்கு. எவ்வளவு பூசினாலும் கிட்டத்துல தெரியும். இத்தனை வருஷமா அந்தப் பக்கத்தை ஒரு போஸ்டர்லகூட காட்டினதில்லை. இன்னிக்கு என்ன வந்துச்சோ, தானா கேட்டு வாங்கி ஊருக்கே காட்டறார்!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

தளத்து நடுவில் அவள் வீட்டுக்காரன் சட்டையைத் தட்டிக்கொண்டு நின்றான். தண்ணீர் பாட்டிலோடு அவனுடைய இடது பக்கமாக வந்த கதாநாயகன், சட்டென்று நின்று, அவனைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய் அதை நீட்டினார்.