மடக்கு ஸ்டூல்

"வந்தவங்களை உட்காருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

பட்டாளத்துக்காரர் மனைவி மகளின் காதில் முணுமுணுத்தாள். முணுமுணுப்பு என்பது அவள் கணக்கு. வராந்தா வரைக்கும் கேட்டது.

தலைமையாசிரியை நிமிரவே இல்லை. மேஜைக்குப் பின்னால் நின்றபடியே எதிலோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

சொன்னாலும் உட்கார முடியாது. மேஜை இருந்தது, பீரோ இருந்தது, நாற்காலி மட்டும் ஒன்றுகூட இல்லை. உட்கார வைத்தால் லேசில் கிளம்ப மாட்டார்கள் என்று முன்யோசனையாக அப்புறப்படுத்திவிட்டார் போலிருக்கிறது. கெட்டிக்காரிதான்!

"என்ன விஷயம்?"

"அட்மிஷன், டீச்சர். ஏழாம் வகுப்பு. கேம்ப் குவார்ட்டர்ஸுக்கு மாத்தலாகி வந்திருக்கோம்."

"நடு வருஷத்திலயா?"

"புள்ளைங்க பரீட்சை முடியட்டும்னு பட்டாளத்துல காத்திருக்க மாட்டாங்களே! மூட்டையைக் கட்டுன்னா கட்டணும். அவரை எல்லைக்கு அனுப்பிட்டாங்க, எங்களை இங்க."

மகளுக்கு இது நாலாவது பள்ளிக்கூடம். இந்த ஊரில் ஏற்கெனவே இரண்டு இடத்தில் கையை விரித்துவிட்டார்கள். இங்கேயும் இல்லையென்றால் ஒரு வருஷம் பாழ். அதை நினைத்தாலே அவளுக்குப் பயம். பயம் வந்தால் அவளுக்கு அழுகை வராது, கோபம்தான் வரும்.

"கையில என்ன அது?" என்றார் தலைமையாசிரியை.

"மடக்கு ஸ்டூல். இவ அப்பாவோடது. போன ஸ்கூல்ல பெஞ்சில இடமில்லைன்னு இவளை மாசக்கணக்கா தரையில உட்கார வெச்சாங்க. இந்தத் தடவை அந்தக் கதையெல்லாம் நடக்காது. இடத்தை நாங்களே கொண்டு வந்துட்டோம்!"

படாரென்று ஸ்டூலை விரித்து நடு அறையில் வைத்தாள்.

"அம்மா, முதல்ல அட்மிஷன் கேளு. சண்டையை அப்புறம் போடலாம்" என்றாள் மகள். நாலு பள்ளிக்கூடம் பார்த்த அனுபவம்.

போன் அடித்தது. தலைமையாசிரியை எடுத்தார்.

"சொல்லுங்க தாளாளர் சார்... ஆமா, கேம்ப்லேர்ந்து இன்னொரு பொண்ணு... நீங்க சொன்னது ஞாபகம் இருக்கு சார்... இல்லை, என் ரூம்ல ஒரு நாற்காலிகூட இல்லை... சரி, நேர்லயே வாங்க."

வைத்துவிட்டார். இவளுக்குச் சுருக்கென்றது. இங்கேயும் அதே பாட்டுதான்!

"இடமில்லை, அதானே டீச்சர்? ஊரைக் காக்க எங்க வீட்டுக்காரர் அங்க ராத்திரி பகலா நிக்கிறார். அவர் புள்ளை உட்கார இந்த ஊர்ல இடமில்லை! யார் வந்தாலும் சரி, நான் இங்கேர்ந்து நகர மாட்டேன்."

"கத்தாதீங்க. வகுப்பு நடக்குது." தலைமையாசிரியை கையை நீட்டினார். "டிசியைக் குடுங்க."

வாங்கி, ஒரு பார்வை பார்த்து, கையெழுத்துப் போட்டார்.

"பொண்ணு வகுப்புக்குப் போகட்டும். ஸ்டூல் போகக் கூடாது."

"ஏன்?"

"என் பள்ளிக்கூடத்துல எந்தப் புள்ளையும் வீட்லேர்ந்து இடம் தூக்கிட்டு வரக் கூடாது."

என்ன திமிர்! அட்மிஷன் கொடுத்த வாயால்தான் இதையும் சொல்கிறார். "அப்ப தரையிலதானா?" என்று இவள் சீறுவதற்குள், அவர் வாசல் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, கொஞ்சம் எந்திரிங்க."

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பியூன், காத்திருந்தவர் மாதிரி எழுந்தார். அந்த நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "வாம்மா" என்று மகளைக் கூப்பிட்டபடி நடந்தார்.

இவளும் ஸ்டூலை மடக்கிக்கொண்டு, விடுவேனா என்று பின்னாலேயே போனாள்.

ஏழாம் வகுப்பில் முன்வரிசைகள் எல்லாம் பெஞ்சு. கடைசி வரிசை மட்டும் கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருந்தது. கை வைத்த நாற்காலி ஒன்று. பிரம்பு நாற்காலி ஒன்று. மெத்தை போட்ட விருந்தாளி நாற்காலிகள். மூலையில், துண்டு போர்த்திய பெரிய சுழல் நாற்காலி. அதில் ஒரு பொடியன் கால் தரைக்கு எட்டாமல் உட்கார்ந்து, ராஜா மாதிரி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

பியூன் தன் நாற்காலியை அதன் பக்கத்தில் போட்டு, துண்டால் தட்டினார். மகள் உட்கார்ந்து, நன்றாகச் சாய்ந்து பார்த்துக்கொண்டாள்.

"இவங்க எல்லாருமே உங்க கேம்ப் புள்ளைங்கதாம்மா" என்றார் பியூன். "இனிமே பெஞ்சு வாங்கித் தர மாட்டேன், கேம்ப் புள்ளைங்களைச் சேர்க்கவும் கூடாதுன்னுட்டார் தாளாளர். எங்க டீச்சரம்மா கேட்டாத்தானே? ஆபீஸ் ரூமையே காலி பண்ணிட்டாங்க. அவங்க நாற்காலி போயே பத்து நாளாச்சு. சாப்பிடுறதுகூட நின்னுக்கிட்டேதான்."

அவள் ஸ்டூலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆபீஸ் ரூமுக்குத் திரும்பி வந்தாள்.

தலைமையாசிரியை அதே இடத்தில், ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றபடி எழுதிக்கொண்டிருந்தார்.

"இன்னும் என்ன?"

இவள் மேஜையைச் சுற்றிப் போய், அவருக்குப் பின்னால் ஸ்டூலைப் படாரென்று விரித்தாள்.

"முதல்ல நீங்க உட்காருங்க டீச்சர். தாளாளர் வந்தா, அவர் நிக்கட்டும்!"