இரண்டாவது சரணத்துத் தும்மல்

"தண்ணிக்கு அடியில யாராவது தும்முவாங்களாண்ணே?"

மேடைக்குப் பின்னால், வயர் மூட்டைக்குள் தலையை விட்டிருந்த சவுண்டு அண்ணன் நிமிர்ந்தார்.

"தண்ணியா? அந்த மூலையில கேன் இருக்கும்மா, புடிச்சுக்க."

நிருபர் பெண் சுற்றிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். கேள்வியைத் திரும்பக் கேட்டாள்.

"இப்படி மூஞ்சியைப் பார்த்துப் பேசு. அதுதான் மரியாதை. என்ன தும்மல்?"

பாடகியின் புதுப் பாட்டு வீடியோ முந்தின நாள்தான் வெளிவந்திருந்தது. நீச்சல் குளத்துக்கு அடியில் எடுத்தது. இரண்டாவது சரணத்தில், 'ஜன்னலைத் திற' என்ற வரி முடிந்ததும், பாடகி 'அச்!' என்று தும்முகிறாள். கூடவே நாற்பது நடனப் பெண்களும் தும்முகிறார்கள். திரை முழுக்க ஒரே நீர்க்குமிழி.

"மேடையிலயும் அதே இடத்துலதான் தும்முறாங்க. மூணு ஊர்ல நானே பார்த்துட்டேன். ரசிகருங்க கைக்குட்டையோட வந்து கூடவே தும்முறாங்க. அப்படின்னா தும்மல் ரெக்கார்டுல இருக்கு. இவங்க சும்மா வாயை அசைக்கிறாங்க. இன்னிக்கு எழுதிடப் போறேன்."

சவுண்டு அண்ணன் வயரோடு துள்ளி எழுந்தார்.

"ரெக்கார்டுல தும்மலா? நான் பண்ணின ரெக்கார்டும்மா அது. மூணு தடவை சரிபார்த்தேன். மெஷின்ல ஒரு சிவப்பு விளக்குகூட எரியல. பாப்பா தும்முறது மேடையில விடுற புகையினால. புகையைக் குறைடான்னு அந்தப் புகை விடுற பையன்கிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. ரெக்கார்டு ஓடுவதைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டார். தவளை தன் வாயால் கெட்ட கதைதான்.

இனி மறைத்துப் பயனில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, நிருபரின் காதருகே குனிந்தார்.

"பாப்பாவுக்குக் குரல் போய் ரெண்டு வருஷம் ஆச்சும்மா. அன்னிக்கு மேடையில வாயைத் திறந்தா, முன்வரிசையில அத்தனை பேரும் காதைப் பொத்திக்கிட்டாங்க. குழந்தைங்க அழுதுச்சு. என் கண்ணால பார்த்தேன். மறுநாளே, 'அண்ணே, இனிமே ரெக்கார்டையே போட்டுடலாம்'னுட்டா. பாவம். அவ பொழப்புல மண்ணைப் போட்டுடாதே. பாடச் சொல்லி மட்டும் கேட்காதே!"

காதோடு காதாகத்தான் சொன்னார். ஆனால் நடைபாதையின் அந்தக் கோடியில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த நாற்பது பேரும் அப்படியே நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

ஒப்பனை அறைக் கதவு திறந்தது. ஒரு கண்ணில் மட்டும் மை தீட்டியிருந்த பாடகி எட்டிப் பார்த்தாள்.

"உள்ள வாங்க ரெண்டு பேரும்."

அண்ணன் வயரோடு பின்னால் போனார். பதினெட்டு வருஷமாக அந்தப் பெண் எங்கே போனாலும் அவர் வயரோடு பின்னால் போய்க்கொண்டிருக்கிறார்.

நிருபர் சுற்றி வளைக்கவில்லை. "மைக் வேண்டாம், மெஷின் வேண்டாம். ஒரே ஒரு வரி பாடுங்க. பாடிட்டீங்கன்னா நான் எழுதல."

படுபாவி, கேட்டேவிட்டாள். குழந்தையாக இருந்தபோதிலிருந்து பார்த்த பெண் அவமானப்படுவதைப் பார்க்க அண்ணனுக்கு மனசு வரவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக் குந்திக்கொண்டு, வயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

பாடகி பாடினாள்.

ஒரு வரி கேட்டதற்கு ஒரு சரணமே பாடினாள். கண்ணாடியைச் சுற்றியிருந்த பல்புகள் கிணுகிணுத்தன. நடைபாதையில் யாரோ விசிலடித்தார்கள். நிருபரின் பேனா கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது.

அந்த இடத்தில் திரும்பிப் பார்க்காத ஒரே ஆள் சவுண்டு அண்ணன்தான். அவர் நிதானமாக வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

நிருபர் அவர் முதுகைப் பார்த்தாள். "அண்ணே," என்று கூப்பிட்டாள். இன்னொரு தடவை, உரக்கக் கூப்பிட்டாள். வயர் சுற்றிக்கொண்டேயிருந்தது.

"அப்ப அன்னிக்கு எல்லாரும் காதைப் பொத்திக்கிட்டது?"

"ஸ்பீக்கர் வீல்னு கத்துச்சு. அஞ்சு நிமிஷம் விடாம. அண்ணன் மெஷின் பக்கத்துல சிரிச்சுக்கிட்டே நின்னாரு." பாடகி குரலைத் தணிக்கவே இல்லை. "என்னை முதல்முதலா மேடையேத்தினவர் அவர். அந்த மெஷினை விட்டா அவருக்கு வேற போக்கிடம் கிடையாது. நான் நேர்ல பாடினா அவருக்குக் காது கேட்டாகணும். ரெக்கார்டுன்னா ஒரு பட்டனை அமுக்கினாப் போதும்."

"அந்தத் தும்மல்?"

"பதிவு பண்ணின அன்னிக்கு எனக்கு ஜலதோஷம். அண்ணன், 'மூணு தடவை சரிபார்த்துட்டேன் பாப்பா, சுத்தமா இருக்கு'ன்னாரு. அந்த முகத்தைப் பார்த்து இல்லேன்னு எப்படிங்க சொல்றது? தும்மப் பழகிக்கிட்டேன்."

நிருபர் குனிந்து பேனாவை எடுத்தாள். எழுத வரவில்லை. "இப்ப நான் என்னதான் எழுதுறது?"

"எனக்குப் பாட வராதுன்னு எழுதுங்க."

வயர் சுற்றி முடிந்தது. சவுண்டு அண்ணன் தயங்கித் தயங்கித் திரும்பினார். நிருபரின் கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்துகொண்டிருந்தது. அவருக்கே அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"நான்தான் அப்பவே சொன்னேனேம்மா, கேட்காதேன்னு!"